இருப்புக் கொள்ளாத எஞ்சின்

கருங்கல்பேரி ஜங்ஷன் வாசலில், வட்டத் தோட்டத்தின் நடுவே, அறுபதடித் தண்டவாளத்தின் மேல் காட்சிக்கு நிறுத்தி வைத்திருந்த நாற்பத்தேழு என்கிற டீசல் எஞ்சின் ஒரு வியாழக்கிழமை காலை ஆறே காலுக்கு ஒரு சாண் நகர்ந்தது, மறுநாள் அதே ஆறே காலுக்கு இன்னொரு சாண் நகர்ந்தது, மூன்றாம் நாளும் நகர்ந்த பிறகுதான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் சக்கரத்துக்கும் தான் அடித்த மஞ்சள் கோட்டுக்கும் நடுவே மூன்று சாண் இடைவெளி இருப்பதைப் பார்த்து, குழாயை அப்படியே போட்டுவிட்டு டீக் குடிக்கப் போனார். டீக்கடை பீர்முகமது விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ஆற்றின டீயை அவர் கையில் கொடுத்தார்.

"இருப்புப் பாதையில ஓடுன சாமானுக்கு எப்படிங்க இருப்புக் கொள்ளும்? காலு மரத்துப் போயிருக்கும். நீட்டி மடக்குது, விடுங்க" என்றார்.

அவர் சொன்னது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. சும்மா கிடந்த எஞ்சினா அது? அறுபத்தொன்பதில் அது எங்கள் ஊருக்கு வந்தபோது, புகையில்லாத ரயிலை நம்பி ஏறுவதா என்று பாதிப்பேர் அடுத்த கரி வண்டிக்குக் காத்திருந்தார்கள், அப்புறம் நாற்பது வருஷம் கருவாடும் கருப்பட்டியும் வாழைத்தாரும் கல்யாணக் கூட்டமும் வாக்குப்பெட்டியும் அதுதான் இழுத்தது, ஒரு வெள்ளத்தில் சக்கரம் முங்க இரண்டு நாள் நின்று முந்நூறு பேரைப் பொரிகடலையோடு காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்ததும் அதுதான். அகலப்பாதை போட்டு மீட்டர் கேஜைப் பிடுங்கியபோது அதன் கூடப் பிறந்தவைகளையெல்லாம் கேஸ் வைத்து வெட்டி எடைக்குப் போட்டார்கள். கடைசி வண்டியை இழுத்த ராசியில் நாற்பத்தேழு மட்டும் தப்பியது. ஐந்து வருஷம் யார்டில் வெயில் காய்ந்த பிறகு அதற்குப் பெயிண்ட் அடித்து, மூன்று மொழியில் பலகை எழுதி, வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். மோட்டார், பேட்டரி, ஒயர் எல்லாவற்றையும் அதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள். வயிற்றுக்குள் ஒன்றுமில்லாத அந்த எஞ்சின்தான் தினம் ஒரு சாண் போனது.

தண்டவாளம் முடிகிற இடத்தில் நின்றுவிடும் என்று நினைத்தோம். இருபதாம் நாள் தண்டவாளம் முடிந்தது, அன்று காலை அதற்கு முன்னால் பூசணிக்கொடி நீளுகிற மாதிரி மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாண் தண்டவாளம் முளைத்தது, அதுவும் புதுசு இல்லை, துருவேறி, நடுவில் எண்ணெய்க் கறையும் வெற்றிலை எச்சிலும் காய்ந்து, அடியில் மரக்கட்டையும் ஜல்லியுமாக, நாற்பது வருஷம் உழைத்த பழைய தண்டவாளமாகவே முளைத்தது. கோட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். நிலைப்பொருள் என்று பதிவான ஒன்று நகர்ந்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் இந்துமதி தர்மபுரிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. நகர்ந்தது உண்மை, விளக்கம் இல்லை என்று அவர் ஒரே வரியில் பதில் எழுதினார்.

நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். ஆட்டோ ஸ்டாண்டு வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கியது, பஸ்காரர்கள் தோட்டத்தை வலமாகச் சுற்றுவதை விட்டு இடமாகச் சுற்றினார்கள், பீர்முகமதுவின் கடை எஞ்சின் போகிற வழியில் இருந்ததால் அவர் கடைக்குச் சக்கரம் மாட்டித் தினம் ஒரு சாண் தள்ளினார். நகரும்போது எஞ்சின் ஒரு தடவை அதிரும், மூட்டுவலிக்காரர்கள் ஆறு மணிக்கே வந்து படிக்கட்டில் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தார்கள், மாத்திரையைவிடத் தேவலை என்றார்கள். எஞ்சின் கொடிக்கம்பத்துக்கிட்ட இருக்கும்போது பிறந்த பிள்ளை, எஞ்சின் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டின வாரம் நடந்த நிச்சயதார்த்தம் என்று தேதி சொல்ல ஆரம்பித்தோம்.

இரண்டு விஷயம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று சாண் போனது, ஆனால் லெந்து என்கிற தவக்காலம் வந்ததும் நாற்பது நாளும் ஞாயிறுகூட ஒரே சாணோடு அடங்கிப்போனது, ஈஸ்டர் அன்று ஐந்து சாண் பாய்ந்தது. நாற்பத்தேழு வேதத்தில் சேர்ந்துவிட்டது என்று சர்ச்காரர்கள் பூரித்தார்கள், மற்றவர்களும் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்னொன்று அதன் வாசனை. டீசல் வாடையே இல்லை. அதிர்ந்து நின்றதும் இஞ்சியும் பூண்டும் நசுக்கின மணம் கும்மென்று வரும், கூடவே மூன்றாவதாக இன்னொரு மணம் வரும், அது என்ன என்று தெருவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சோம்பு என்றார்கள், சீரகம் என்றார்கள். பீர்முகமது டீயில் இஞ்சி போடுவதையே நிறுத்திவிட்டார், எஞ்சின் வாசனையில் குடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எல்லாரும் பழகின இந்த எஞ்சினோடு பழக முடியாமல் ஒருவர் இருந்தார். அவர் வேதமாணிக்கம். கடைசி மீட்டர் கேஜ் வண்டியை நாற்பத்தேழில் ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர். அதற்கு மூன்றாம் நாள் ஓய்வு பெற்றார், முப்பத்து மூன்று வருஷ வேலையில் அவர் பேரில் ஒரு குற்றம் இல்லை, அதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் தன்னை அறிமுகம் செய்ததில்லை. ஆனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு உட்காரத் தெரியாமல் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் முள்ளில் உட்கார்ந்த மாதிரி எழுந்துவிடுவார், நின்றுகொண்டே சாப்பிடுவார், சர்ச்சில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டே ஜெபம் பண்ணுவார், மீதி நேரமெல்லாம் நடப்பார். எஞ்சின் நகர ஆரம்பித்த பிறகு அதைச் சுற்றியே தினம் நாற்பது தடவை நடந்தார். ஏனென்றால் வட்டத் தோட்டத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஸ்டேஷன் மதிலை நோக்கிப் போகிற அந்த எஞ்சினின் மூக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் சிக்னல் தெருவின் முதல் வீட்டுக்கு நேராக இருந்தது. அது அவருடைய வீடு.

பதினோராவது மாசம் கடைசிக் கடிதம் வந்தது. முப்பதாம் தேதிக்குள் எஞ்சின் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாக்கத் தகுதியில்லாதது என்று அறிவித்து நின்ற இடத்திலேயே வெட்டப்படும். இரண்டு கிரேன் வந்து தூக்கிப் பார்த்தன. பின்னால் பதினாலு பெட்டி ஆளோடும் சாமானோடும் கோத்திருக்கிற கனம் கனத்தது, இரண்டு கிரேனும் மூக்குக் குத்திக்கொண்டு திரும்பின. மதிலுக்கு இன்னும் பதினோரு முழம்தான் இருந்தது. அது ஊர்வதைப் பார்த்து எழுந்தே பழகிப்போன நாங்கள் அது வெட்டுப்படுவதைப் பார்க்கத் தயாராக இல்லை.

அந்தச் சமயம்தான் வேதமாணிக்கத்தின் மனைவி ஞானவடிவு தங்கச்சி மகள் பிரசவத்துக்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பீர்முகமது அவளைப் பார்த்ததும் எஞ்சினைக் காட்டினார்.

"அக்கா, ஒம்பது நாளா ஒரு அங்குலம் நகரலை. கடிதாசியைக் கேட்டுப் பயந்துட்டுது போல."

ஞானவடிவு பையோடு எஞ்சின் பக்கத்தில் போய் நின்றாள், இரும்பை மோந்தாள். பழைய மணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இஞ்சி, பூண்டு, மூன்றாவது ஓமம். இஞ்சி பூண்டோடு ஒரு சிட்டிகை ஓமம் வைத்து நசுக்குகிறவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான், வீட்டுக்காரருக்கு வாயு என்று கல்யாணமான வருஷம் ஆரம்பித்த பழக்கம். தன் அடுக்களை வாசனை தனக்கே தெரியாது என்பதால் இத்தனை மாசம் அவளும் அது சீரகம் என்றே வாதாடியிருந்தாள்.

வீட்டுக்குப் போனாள், புடவைகூட மாற்றவில்லை, உரலில் பூண்டை வைத்து மூன்று தடவை நசுக்கினாள். மூச்சு வாங்க ஓடிவந்து பீர்முகமதுவிடம் கேட்டாள்.

"இப்பம் நகந்துச்சா?"

"மூணு சாண் போயிருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு இது என்ன புதுப் பழக்கம்னு இப்பந்தான் கேட்டுக்கிட்டு நிக்கேன்."

தினம் காலை ஆறே காலுக்கு ஒரு நசுக்கு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு மூன்று, கறி சமைக்காத லெந்தில் ஒன்றே ஒன்று, அதுதான் அவள் கணக்கு. அவள் நசுக்குவது ஒரு இரும்புக் குண்டால். சாத்துக்குடி அளவு, கைக்கு அடக்கமான குண்டு. அம்மிக்குழவி உடைந்த அன்று வேறு எதுவும் அகப்படாமல் வீட்டுக்காரரின் தகரப்பெட்டிக்குள் துழாவியபோது பழைய யூனிபாரத்தின் அடியில் கிடைத்தது. அது ஒரு வியாழக்கிழமை. இது என்ன என்று கேட்டதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேரிங் குண்டு, ஒர்க் ஷாப்பில் கொடுத்தது என்றார். அதன் மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ எழுத்து இருந்தது, பூண்டு நசுக்கி நசுக்கி அதுவும் மழுங்கிவிட்டது.

சாயங்காலம் வேதமாணிக்கம் நடந்துவிட்டு வந்ததும் குண்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஏங்க, இது என்னதுன்னு உண்மையைச் சொல்லுங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குண்டைப் பார்க்காமல் சொன்னார்.

"டோக்கன்."

ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சி அந்தக் குண்டு. புறப்படுகிற ஸ்டேஷனில் ஒரு பெட்டியிலிருந்து அதை எடுத்து, தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவர் கையில் கொடுப்பார்கள். போய்ச் சேருகிற ஸ்டேஷனில் அதே மாதிரிப் பெட்டிக்குள் போட்டு மணி அடித்தால்தான் வண்டி வந்து சேர்ந்தது என்று அர்த்தம். வளையத்தை ஊரே பார்த்திருக்கிறது, பைக்குள் இருக்கிற குண்டை யாரும் பார்த்ததில்லை. கடைசி வண்டி நாவற்குறிச்சியிலிருந்து கருங்கல்பேரிக்கு வந்தபோது மேளமும் மாலையும் சந்தனமுமாக எஞ்சின் மேலேயே ஏறிவிட்ட கூட்டத்தில், யாராவது தட்டிவிடப் போகிறார்கள் என்று வேதமாணிக்கம் குண்டை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார். வெறும் வளையம் ஸ்டேஷனுக்குப் போய் ஆணியில் தொங்கியது. மாலை போட்டுக்கொண்டிருந்தவர்களில் அப்போதைய ஸ்டேஷன் மாஸ்டரும் ஒருவர், அடுத்து வண்டி இல்லாததால் குண்டைத் தேட அவருக்கும் காரணமில்லை.

"வீட்டுக்கு வந்து தூக்குச்சட்டியை எடுக்கையில பாக்கேன், உள்ள கெடக்கு. அப்பமே ஓடியிருக்கணும். மூணு நாளுதான் சர்வீஸ் பாக்கி. முப்பத்து மூணு வருசம் ஒரு குத்தம் இல்லாம இருந்துட்டு, கடைசி வண்டியில டோக்கனைத் தொலைச்சான்னு பேரு வந்திருமேன்னு பயந்துட்டேன், வடிவு."

"அதுக்கு? பூண்டு நசுக்கக் குடுத்தீங்களாக்கும்."

"நீயா எடுத்துட்ட. அப்பம் சொன்னா எல்லாத்தையும் சொல்லணுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஐந்தாறு வருஷம் இந்த மனிதர் நின்றுகொண்டே சாப்பிட்டதற்கு எத்தனை டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பாள். கோபமும் அழுகையும் ஓய்ந்த பிறகு, தினம் காலையில் தன் கைதான் ரயில் எஞ்சினை ஓட்டியிருக்கிறது என்ற நினைப்பு வந்தது, அது அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை எஞ்சினில் ஏற்றிப் போகச் சொல்லிக் கேட்டாள். ரூல் இல்லை என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேதமாணிக்கம் ஸ்டேஷனுக்குப் போய், மூட்டுவலிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் கேட்க, இந்துமதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் சட்டை நனைந்துவிட்டது. நாங்கள் காத்திருப்போர் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். பழைய டோக்கன் பெட்டியை அங்கேதான் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதன் முள் வண்டி வருகிறது என்ற எழுத்தின் மேல் நின்றது. தினம் பார்த்ததுதான், ஒரு அலங்காரம் என்று நினைத்திருந்தோம்.

பீர்முகமதுதான் முதலில் பேசினார். "அண்ணாச்சி, நம்மூருக்கு எல்லா வண்டியும் லேட்டா வருததுக்கு நீங்கதான் காரணமா?"

யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தோம். வேதமாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. குண்டை மேஜையில் வைத்தார். இந்துமதி அதைத் தொடவில்லை.

"டோக்கன் மட்டும் வந்தா வண்டி வந்ததா அர்த்தம் இல்லைங்க சார். வண்டியோடதான் வரணும். நீங்க ஓட்டிட்டு வந்து என் கையில குடுங்க, வாங்கிக்கிறேன்."

அதுதான் ரூல், அதை மறுத்துப் பேச அவரால் முடியாது. எஞ்சின் வந்த வழியெல்லாம் தண்டவாளம் அப்படியே கிடந்தது. மோட்டாரைக் கழற்றினவர்கள் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எஞ்சினைப் பின்னால் ஓட்டுகிற கைப்பிடியை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு சாண் போக வேண்டும், அதற்கு நானூற்றுப் பன்னிரண்டு நசுக்கு நசுக்க வேண்டும். செய்தி தெருவில் போன அரைமணியில் பெண்கள் முறத்தோடும் சொளகோடும் வந்து ரோட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள், கல்யாண வீட்டுக்கு வைத்திருந்த இஞ்சி மூட்டை வந்தது, ஓமம் தீர்ந்துபோய்ப் பக்கத்து ஊருக்கு ஆள் போனது. வேதமாணிக்கம் எஞ்சினில் ஏறினார். ஏறி நின்று, உரலை மடியில் அணைத்துக்கொண்டு கீழே நின்ற ஞானவடிவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏறு."

"ரூல் இல்லைன்னீங்களே."

"இல்லைதான். ஏறு."

அவர் கைப்பிடியைப் பின்னால் தள்ளினார், அவள் நசுக்கினாள், எஞ்சின் அதிர்ந்து ஒரு சாண் பின்னால் போனது. நசுக்க நசுக்கப் போனது. பீர்முகமதுவின் கடை கூடவே உருண்டது, பஸ்கள் நின்றன, உரித்த பூண்டு கைமாறிக் கைமாறி எஞ்சினுக்குள் ஏற, நசுக்கின விழுது சட்டி சட்டியாக இறங்கியது. இருநூறாவது சாணில் அவள் கை ஓய்ந்தது. கொண்டா என்று வேதமாணிக்கம் குண்டை வாங்கி நசுக்கினார், எஞ்சின் அசையவில்லை. ஓங்கி நசுக்கினார், பூண்டு தெறித்ததுதான் மிச்சம். கீழே இருந்து இரண்டு பெண்கள் ஏறி நசுக்கிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் அது இணங்கவில்லை. அவர் குண்டைத் தன் சட்டையில் துடைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் மணிக்கட்டை ஒரு நிமிஷம் தேய்த்துவிட்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு எஞ்சின் வட்டத் தோட்டத்துக்குள் வந்தது. வேதமாணிக்கம் குண்டைப் பைக்குள் போட்டு, ஸ்டேஷன் ஆணியில் தொங்கின பழைய வளையத்தில் கட்டி, எஞ்சினுக்கு வெளியே குனிந்து கையை நீட்ட, அந்தக் காலத்து ஆட்கள் நிற்பது போலவே கையை விறைப்பாக நீட்டி நின்ற இந்துமதியின் தோளில் வளையம் விழுந்தது. அவர் காத்திருப்போர் கூடத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து குண்டை டோக்கன் பெட்டிக்குள் போட்டார். பாதியில் சிக்கியது. ஞானவடிவு அதை எடுத்து, ஒட்டியிருந்த பூண்டு நாரை முந்தானையால் துடைத்துவிட்டுப் போட்டாள், கடகடவென்று உருண்டு உள்ளே போனது. முள் திரும்பியது. இந்துமதி மணி அடித்தார். நாவற்குறிச்சி ஸ்டேஷனை இடித்து அந்த இடத்தில் உரக் கிடங்கு கட்டி நாலு வருஷம் ஆகிறது, இருந்தாலும் அங்கிருந்து பதில் மணி வந்தது. எத்தனை அடி என்று எண்ணினோம், இந்துமதி அடித்த கணக்குக்குச் சரியாக இருந்தது.

இந்துமதி வண்டி வந்த பதிவேட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். டிரைவர் பெயர் என்று கேட்டார்.

"ஞானவடிவு" என்றார் வேதமாணிக்கம்.

இந்துமதி நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் நசுக்கிப் பாத்தேன் மேடம், எனக்கு நகரலை. ஓட்டுனது இவதான். தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல என் பேரைப் போடுங்க."

"மறதின்னு எழுதிரட்டா சார்?"

"மறதின்னு எழுதாதீங்க. பயம்னு எழுதுங்க."

அப்படியே எழுதினார். எழுதி முடித்ததும் வேதமாணிக்கம் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே ஒரு டீ குடித்தார், வீட்டுக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எஞ்சின் அதன் மஞ்சள் கோட்டுக்கு நேராக நின்றது, முப்பதாம் தேதி வந்தவர்கள் அளந்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போட்டுப் போனார்கள். முளைத்த தண்டவாளம் ஒரு வாரத்தில் மண்ணுக்குள் போய்விட்டது, ஊரெல்லாம் ஒரு மாதம் பூண்டு ஊறுகாய் சாப்பிட்டோம்.

இப்போது சிக்னல் தெரு முதல் வீட்டில் தினம் காலை ஆறே காலுக்கு இஞ்சி நசுக்குகிற சத்தம் கேட்கும். வேதமாணிக்கம்தான் நசுக்குகிறார், ஒரு மணைப்பலகையில் நிம்மதியாக உட்கார்ந்து, ஆற்றங்கரையில் பொறுக்கின கல்லால் நசுக்குகிறார். ஞானவடிவு அந்த நேரம் வீட்டில் இருப்பதில்லை. வட்டத் தோட்டத்தில் தான் ஓட்டின நாற்பத்தேழைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள், நாற்பது தடவை, சில நாள் ஐம்பது. உட்காருங்களேன் அக்கா, டீ குடியுங்கள் என்று பீர்முகமது கூப்பிடுவார். இதோ வாரேன் என்பாள், வரமாட்டாள்.